முடிஞ்சதா? அப்புறம்?

என் மனைவிக்கு அலுவலகத்தில் 'அப்புறம் அக்கா' என்று பெயர். முதலில் முறைத்துக்கொண்டிருந்தாள். இப்போது அவளே போனை எடுத்து "அப்புறம் அக்கா பேசறேன்" என்கிறாள். பெயர் வைத்தவர் யாரோ, கெட்டிக்காரர். இத்தனை வருஷமாகக் குடும்பம் நடத்துகிற எனக்கே தோன்றாத பெயர்.

நான் லிஃப்ட் மெக்கானிக். நாங்கள் அறிமுகமானதே ஒரு லிஃப்ட் நின்றுபோனதால்தான். அவள் அப்போது ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தில், போனில் வருகிற கேள்விகளுக்குப் பதில் சொல்லும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருந்தாள். இரண்டு மாடிகளுக்கு நடுவே பெட்டி நின்றுவிட்டது. உள்ளே இருந்தவர்கள் காது கிழியக் கத்துகிறார்கள். நான் கதவு இடுக்கில் வாயை வைத்து, "பயப்படாதீங்க, என்ன கோளாறுன்னு கண்டுபிடிச்சாச்சு" என்றேன்.

உள்ளேயிருந்து ஒரு குரல் நிதானமாக, "சரி, அப்புறம்?" என்றது.

"அப்புறம் கையால சுத்தி மேல ஏத்துவோம்."

"அப்புறம்?"

"கதவைத் திறப்போம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்னம்மா, நீங்க வெளிய வருவீங்க!"

"அதை முதல்லயே சொல்லக்கூடாதா?" என்றது குரல். யார் இந்த மகராசி என்று பார்ப்பதற்காகவே வேக வேகமாகச் சுற்றினேன். பார்த்தேன். அப்புறம் நடந்தது கல்யாணம்.

நம் ஊர் அலுவலகங்களில் 'அப்புறம்' என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்: இன்றைக்கு நடக்காது, போய்விட்டு வா. "அப்புறம் பார்க்கலாம்", "அப்புறம் வாங்க". இவள் வாயில் மட்டும் அது கேள்வி. பால் வாங்கிவிட்டேன் என்றால் 'அப்புறம்?' என்பாள். அடுப்பில் வைத்தேனா, காய்ச்சினேனா, பொங்கி வழிந்ததைத் துடைத்தேனா என்பது வரை போகும். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலேயே குடியிருக்கும். கத்துவேன். கத்தி முடித்ததும், "சரி, அப்புறம்?" என்பாள். இவளோடு சண்டையைக்கூட ஒழுங்காக முடிக்க முடியாது.

இப்படிப்பட்டவளை அந்த நிறுவனத்தில் அனுமதிப் பிரிவுக்குத் தலைவியாகப் போட்டார்கள். அதுவும் சும்மா இல்லை, கொஞ்ச காலம் பார்ப்போம், சரிப்படாவிட்டால் பழைய இடத்துக்கே போய்விடு என்ற நிபந்தனையோடு. அனுமதிப் பிரிவு என்றால், ஒருவருக்கு அறுவை சிகிச்சை செய்வதற்கு முன்னால் மருத்துவமனை இவர்களைக் கேட்கும், செலவை ஏற்றுக்கொள்வீர்களா என்று. இவர்கள் சரி என்றால்தான் அங்கே தேதி கொடுப்பார்கள். இல்லையென்றால் வலியோடு வீட்டில் கிடக்க வேண்டியதுதான்.

அப்படி வீட்டில் கிடந்தவர்களில் ஒருத்தி என் அக்கா.

அக்கா பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். 'விசில் டீச்சர்' என்றால் இந்த வட்டாரத்தில் பாதிப் பேர் இன்றைக்கும் நிமிர்ந்து நிற்பார்கள். ஊரையே ஓட வைத்தவளுக்கு இடது இடுப்பு மூட்டு தேய்ந்துபோனது. நாங்கள் இருப்பது மூன்றாவது மாடியில். சிரிக்காதீர்கள், ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிற நான் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் படியேறி வந்து, ஜன்னல் ஓரத்து மர நாற்காலியில் உட்கார்ந்து, எங்கள் குடும்பத்தையே வரிசையில் நிற்க வைத்துப் பேசிவிட்டுப் போகிறவள், ஒருநாள் முதல் படியில் காலை வைத்தாள், கைப்பிடியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள், திரும்பிப் போய்விட்டாள். நான் மேலேயிருந்து பார்த்தேன். மூட்டை மாற்றினால் ஏறலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாற்றுவதற்கு அனுமதி வர வேண்டும். எங்கிருந்து? என் மனைவி உட்கார்ந்திருக்கிற அதே மாடியிலிருந்து.

இதைவிட வசதி வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். முட்டாள்.

"அக்கா விண்ணப்பம் உங்க பிரிவுலதான் கிடக்கு. கொஞ்சம் எடுத்துப் பாரேன்."

"சொந்தக்காரங்க விண்ணப்பத்தை நான் திறக்கவே கூடாதுங்க. அண்ணி பேரு வந்தா எழுந்து போயிடணும். அதுதான் விதி."

"விதியாவது மண்ணாங்கட்டியாவது! வலியில துடிக்கறா."

"வலியில துடிக்கறவங்க மட்டும்தாங்க எங்களுக்கு விண்ணப்பம் போடறாங்க" என்றாள் அவள்.

இதை நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அக்காவிடம் சொல்லித் தொலைத்தேன். அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "ஓஹோ! மகாராணி விதிப்படிதான் நடப்பாங்களா? இருக்கட்டும். இனிமே அவ பேச்சை என்கிட்ட எடுக்காதே" என்றாள். அன்றிலிருந்து இருவருக்கும் நடுவில் தபால்காரன் வேலை எனக்கு. அங்கே பேசினால் 'பொண்டாட்டிதாசன்', இங்கே பேசினால் 'அக்கா பிள்ளை'. லிஃப்ட் குழிக்குள் இறங்கினால்தான் எனக்கு நிம்மதி.

மனைவியின் பிரிவில் சுவர் முழுக்க ஒரு பெரிய திரை உண்டு. குறித்த நாளுக்குள் முடிந்த விண்ணப்பம் பச்சை, நாள் தாண்டியது சிவப்பு. இவள் போய்ச் சேர்ந்த அன்று திரை பச்சைப் பசேல் என்று இருந்ததாம். அந்தப் பெருமைக்குச் சொந்தக்காரர் ஒரு நடுத்தர வயதுக்காரர். நரைத்த மீசை, கை விரல் மட்டும் மின்னல். எல்லோரும் அவரை 'பச்சை' என்றுதான் கூப்பிடுவார்கள்.

இவள் அவர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"இது முடிஞ்சது மேடம்" என்று ஒரு பொத்தானைத் தட்டினார் பச்சை.

"அனுமதி கொடுத்தாச்சா?"

"இல்லை மேடம். ஸ்கேன் பழசு. புதுசா எடுத்து அனுப்பச் சொல்லியாச்சு. அதனால இது முடிஞ்சது."

"அப்புறம்?"

"அவங்க திருப்பி அனுப்புவாங்க. அது புது விண்ணப்பம். புது நாள்லேர்ந்து கணக்கு."

"அதுல எல்லாம் சரியா இருந்தா?"

"டாக்டர் குறிப்பு விட்டுப் போயிருக்கும் மேடம், அனேகமா. அதைக் கேட்டுட்டு முடிச்சிருவோம்."

"அப்புறம்?"

பச்சைக்கு வியர்த்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவரிடம் யாரும் முதல் 'அப்புறம்' தாண்டிப் போனதில்லை. பாவம், அவர் அயோக்கியர் எல்லாம் இல்லை. திரை பச்சையாக இருந்தால் பாராட்டு, சிவப்பானால் திட்டு. மனுஷன் என்ன செய்வார்? ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொரு தடவையும் முடித்து, பிரிவே அதற்குப் பழகிப்போயிருந்தது. விண்ணப்பம் முடிந்துகொண்டே இருக்கும், நோயாளி கட்டிலிலேயே இருப்பார்.

இவள் அவரைத் திட்டவில்லை. வீட்டுக்கு வந்து பாத்திரம் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "பொய்யே இல்லைங்க. ஒருத்தர்கூடப் பொய் சொல்லலை. அதான் எனக்கு பயமா இருக்கு."

"போய் உங்க பெரிய சார்கிட்ட சொல்லு" என்றேன்.

அந்தப் பெரிய சார், நிறுவனத்தின் தலைவர். வரைபடம் என்றால் அவருக்கு உயிர், அதனால் 'கிராஃப் சார்'. நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் கோடாகப் பார்த்தால்தான் புரியும். இவள் போய்ச் சொன்னதும், "எல்லாம் பச்சையா இருக்கேம்மா, நீங்க ஏன் வீணா குழப்பிக்கறீங்க?" என்று கேட்டிருக்கிறார்.

"சார், முடிஞ்சதுன்னு இருக்கறவங்கள்ல யாராவது ஒருத்தருக்கு நீங்களே போன் போடுங்க. அப்புறம் என்ன ஆச்சுன்னு மட்டும் கேளுங்க. யாரு வேணும்னாலும் சரி, நீங்களே எடுங்க."

அவர் உற்சாகமாகத் திரையைப் புரட்டினார். ஒரே பெயர் மூன்று இடத்தில் வந்தது, மூன்றும் பச்சை. "ஆகா! இந்த அம்மாவுக்கு மூணு தடவை முடிச்சுக் கொடுத்திருக்கோம். நம்ம மேல ரொம்பப் பிரியமா இருப்பாங்க. இவங்ககிட்டயே பேசறேன்" என்றார்.

இவள் பெயரைப் பார்த்தாள். பார்த்ததும் எழுந்தாள். "சார், அது என் நாத்தனார். நான் இங்க இருக்கக் கூடாது. வேற யாரையாவது எடுங்களேன்."

"நீங்க வெளிய இருங்கம்மா, நான் பேசிக்கறேன்" என்றார் கிராஃப் சார். விதி யாரை விட்டது!

அந்த நேரம் நான் எங்கே இருந்தேன் தெரியுமா? அக்கா வீட்டில், அவள் குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி அடித்துக்கொண்டிருந்தேன். அக்காவுக்குப் போனைக் காதில் வைக்கிற பழக்கமே கிடையாது. ஸ்பீக்கரில் போட்டு, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்பவனைக் கூப்பிடுவது போலத்தான் பேசுவாள். அதனால் இரண்டு பக்கமும் கேட்டேன், ஒரு சொல் விடாமல்.

"வணக்கம்மா. உங்க காப்பீட்டு நிறுவனத்தோட தலைவர் பேசறேன். உங்களுக்கு மூணு தடவை குறிச்ச நாளுக்குள்ள முடிச்சுக் கொடுத்திருக்கோம். ரொம்ப சந்தோஷம்."

"என்னத்தை முடிச்சீங்க?"

"உங்க… இடுப்பு மூட்டு மாத்தறது…"

"மூணு தடவையா? யோவ், எனக்கு இருக்கறதே ரெண்டு மூட்டுதான்! அதுல ஒண்ணுதான் போச்சு. மூணாவதை யாருக்கு மாட்டினீங்க?"

நான் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டேன். அந்தப் பக்கம் வேறொருவராக இருந்தால் போனை வைத்திருப்பார். அவர் வைக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி, "அப்புறம்?" என்றார்.

அக்கா அவிழ்த்துவிட்டாள். ஸ்கேன் எடுக்க ஆட்டோவில் ஏற முடியாமல் ஏறியது, எடுத்து அனுப்பினால் டாக்டர் குறிப்பு எங்கே என்று கேட்டது, குறிப்பு வாங்கி அனுப்பினால் பழைய மாத்திரைச் சீட்டு எங்கே என்று கேட்டது, ஒவ்வொரு தடவையும் 'உங்கள் கோரிக்கை முடிவடைந்தது, நன்றி' என்று குறுஞ்செய்தி வந்தது. "நன்றியாம் நன்றி! மொத்தமா என்னென்ன வேணும்னு ஒரே தடவை கேட்கறதுக்கு வாய் இல்லையா உங்களுக்கு?" என்றாள். அவர் நடுநடுவே "அப்புறம்?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் அக்கா குரல் திடீரென்று இறங்கிவிட்டது. "அப்புறம் என்ன சார். என் தம்பி வீடு மூணாவது மாடியில இருக்கு. நான் அங்க போயி எத்தனையோ நாளாச்சு. அவ்வளவுதான்" என்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சுவரில் துளை போட்ட தூசி என்று சொல்லிக்கொண்டேன்.

போனை வைத்ததும் கேட்டேன்: "அவ அங்கதான் வேலை பார்க்கறான்னு சொல்லியிருக்கலாமே?"

"எதுக்கு? என்னால அவ வேலைக்குக் கெட்ட பேரு வரவா?" என்று சீறினாள் அக்கா. "கோபம் எனக்கும் அவளுக்கும் நடுவுல. நீ கம்பியை அடி."

மாலையில் மனைவி வந்து நடந்ததைச் சொன்னாள். கிராஃப் சார் வெளியே வந்து, "அந்த அம்மாவுக்கு இன்னைக்கே அனுமதி கொடுத்திருங்க" என்று உத்தரவு போட்டாராம். எனக்குத் தலைகால் புரியவில்லை. "அப்புறம்?" என்றேன், நானே!

"வேணாம் சார்னு சொல்லிட்டேன்."

எங்கள் மாடி முழுக்கக் கேட்டிருக்கும் நான் போட்ட சத்தம். "உனக்கு மூளை இருக்கா? வாசல் வரைக்கும் வந்ததை நீயே திருப்பி அனுப்பியிருக்கியே! அக்கா உன்னைக் காட்டிக் கொடுக்கலை, தெரியுமா? உன் வேலை போயிடக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தா!"

அவள் அழுதாள். அழுதுகொண்டே கத்தினாள். "அண்ணிக்கு வலிக்கறது எனக்குத் தெரியாதாங்க? அவங்களை மாதிரியே ரெண்டு தடவை, மூணு தடவை முடிஞ்சவங்க அங்க வரிசையா இருக்காங்க. அவங்களுக்கும் தம்பி இருக்கான். அந்தத் தம்பி பொண்டாட்டி எங்க ஆபீஸ்ல வேலை பார்க்கலை, அவ்வளவுதானே வித்தியாசம்? எல்லாரையும் திறங்க, யாரு முதல்லேர்ந்து காத்திருக்காங்களோ அவங்கள்லேர்ந்து வாங்கன்னு சொல்லியிருக்கேன். அண்ணி முறை அதுல வரும். சீக்கிரமே வரும்."

"வராட்டி?"

"வராட்டி என் முகத்துல முழிக்காதீங்க" என்றாள். அன்று இருவரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டோம்.

மறுநாள் முதல் அவள் பிரிவில் புதுச் சட்டம். 'முடிந்தது' பொத்தானை யார் வேண்டுமானாலும் தட்ட முடியாது. காத்திருப்பவரே, எனக்கு முடிந்தது என்று வாயால் சொன்னால்தான் தட்டலாம். என்ன குறைகிறதோ அத்தனையையும் ஒரே போனில் கேட்டு வாங்க வேண்டும். பேச்சு நின்றுபோனால் கேட்பதற்கு ஒரு சொல் இருக்கிறது, அது என்ன என்று எல்லோருக்கும் தெரியும்.

திரை இரத்தச் சிவப்பாகிவிட்டது. பச்சை லீவு போட்டுவிடுவாரோ என்று இவள் பயந்தாள். கிராஃப் சார் தினமும் வந்து திரைக்கு முன்னால் நின்று நெற்றியைத் தேய்த்துக்கொள்வாராம். பணம் போட்ட முதலாளிகள் அவர் தலையை உருட்டியிருக்கிறார்கள். "எப்பம்மா பச்சையாகும்?" என்று ஒருநாள் பாவமாகக் கேட்டாராம். "அவங்க எழுந்து நடந்தா ஆகும் சார். நீங்களும் வாங்க, நாலு போன் பேசுங்க" என்று ஒரு ஹெட்ஃபோனை நீட்டினாள். அவரும் உட்கார்ந்து பேசினார். திட்டு வாங்கினார். மறுநாளும் வந்தார். அந்த மனிதரிடம் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான்.

வீட்டில் எங்களுக்குள் சாப்பிட்டாயா, சாப்பிட்டேன் என்ற அளவில்தான் பேச்சு. நான் ஒவ்வொரு நாளும் அக்கா வீட்டுக்குப் போவேன், அவள் போனைப் பார்ப்பாள், நானும் பார்ப்பேன். ஒரு காலைப்பொழுதில் ஒரு லிஃப்ட் கூரை மேல் எண்ணெய்க் கையோடு உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. "டேய் தம்பி, வந்திருச்சுடா!" என்று அக்கா கத்திய கத்தலில் கையிலிருந்த ஸ்பானர் கீழே விழுந்து, குழியின் அடி வரைக்கும் சத்தம் போட்டுக்கொண்டே போனது. அனுமதி வந்துவிட்டது. அவளுக்கு முன்னால் காத்திருந்தவர்களுக்கெல்லாம் வந்தபிறகு, அவள் முறையில் வந்துவிட்டது.

அறுவை சிகிச்சை நன்றாக நடந்தது. அக்கா நடைப்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பெண்ணுக்கே நடக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு வீடு திரும்பினாள். கொஞ்ச நாள் கழித்து பச்சை போன் பண்ணினார். அன்றும் நான் அங்கே இருந்தேன், ஸ்பீக்கரும் இருந்தது.

"டீச்சர், எப்படி இருக்கீங்க? முடிஞ்சதுன்னு போட்டுரலாமா?"

"போடாதே" என்றாள் அக்கா.

"வலி ஏதாவது…?"

"வலியெல்லாம் போயிடுச்சு. ஆனா இன்னும் முடியலை. நானே சொல்றேன், அதுவரைக்கும் சிவப்பாவே இருக்கட்டும்."

அந்தப் பெரிய திரையில் என் அக்கா தனியாகச் சிவப்பாக நின்றாள். மற்றவையெல்லாம் ஒவ்வொன்றாகப் பச்சையாகிக்கொண்டு வந்தன, இந்தத் தடவை நிஜமாகவே. கிராஃப் சார், "அது ஒண்ணு மட்டும் ஏன் அப்படியே நிக்குது?" என்று கேட்டால், "அவங்க இன்னும் சொல்லலை சார்" என்பாராம் பச்சை, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. என் மனைவியால் மட்டும் அந்தப் பக்கம் பார்க்கவே முடியவில்லையாம். "அண்ணிக்கு என் மேல இருக்கற கோபம்ங்க அது. வேற ஒண்ணும் இல்லை" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் வீட்டு மின்விசிறியைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். படியில் ஒரு சத்தம். டக், ஒரு நிறுத்தம், டக். கைத்தடிச் சத்தம். நானும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். நான் பிடிக்க ஓடினேன். "கிட்ட வராதே!" என்று கீழேயிருந்து அதட்டல் வந்தது. விசில் ஊதியது போல நின்றுவிட்டேன். கடைசிப் படியில் மூச்சு வாங்க நின்றாள் அக்கா, முகமெல்லாம் வியர்வை. நேராக உள்ளே வந்தாள். ஜன்னல் ஓரத்து நாற்காலி அப்படியே இருந்தது. அதில் யாரும் உட்காராமல் என் மனைவிதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா உட்கார்ந்தாள். கையை நீட்டி, "அந்தப் பச்சை நம்பர் உன்கிட்ட இருக்குமே. போடு" என்றாள் அவளிடம்.

"அண்ணி, இன்னைக்கு லீவு…"

"போடுடி."

போட்டாள். ஸ்பீக்கரில்தான்.

"யோவ், நான் விசில் டீச்சர். என் தம்பி பொண்டாட்டி வீட்டுல உட்கார்ந்திருக்கேன். நாளைக்குப் போனதும் தட்டிரு. முடிஞ்சது."

இத்தனை நாளும் 'தம்பி வீடு' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். என் மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்து, நாற்காலிக் கையில் தலையை வைத்து விம்மி விம்மி அழுதாள். அக்கா அவள் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே என்னைப் பார்த்து, இங்கே என்ன வேடிக்கை என்பது போல் முறைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து இவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையை நிமிர்த்தினாள். பழக்கதோஷம், எங்கே போகும்?

"அப்புறம், அண்ணி?"

"அப்புறம் என்னடி அப்புறம்? ஏறி வந்துட்டேன், எப்படி இறங்கறது? இவன் ஒரு லிஃப்ட் மெக்கானிக்!" என்றாள் அக்கா.